இரண்டாவது தட்டு

“பிடி ஜூராகான், சீக்கிரம் பிடி! என் மனசு மாறுறதுக்குள்ள வாங்கித் தொலை!”

வார்ப்பிரும்பு வாணலியை வயிற்றோடு அணைத்தபடி புருல்சா வாசலைத் தாண்டினாள். எதிர்வீட்டுக் கதவு நாலு எட்டுதான். அதற்கே மூச்சு வாங்கியது. வலது செருப்புக்குள் கட்டுப் போட்டிருந்த பெருவிரல் விண் விண் என்று தெறித்தது. எண்ணெய் டின், மாவு மூட்டை, சர்க்கரைப் பை, ஆப்ரிகாட் ஜாம் பாட்டில்கள் எல்லாம் ஏற்கெனவே மாடிப்படித் திருப்பத்தில் வந்து குவிந்திருந்தன. ஜூராகான் வீட்டு நடையில் இருந்த அலமாரிக் கண்ணாடியில் தன்னையே பார்த்தாள். பிள்ளையைத் திருடிக்கொண்டு ஓடுகிறவளைப்போல் இருந்தது.

ஜூராகான் கதவில் சாய்ந்து சிரித்தாள். நாரின் ஊர்ச் சந்தையில் வெங்காயம் விற்கிறவள். வாயும் அந்தக் காரம்தான்.

“என்னக்கா, வீட்டைக் காலி பண்றீங்களா, இல்ல எனக்குச் சீர் வைக்கிறீங்களா?”

“சிரிக்காதடி. டாக்டரம்மா நேத்து கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு என்ன சொன்னா தெரியுமா? சாயங்காலம் ஆனா பொரிச்சுப் பொரிச்சுத் தின்னுறதை நிறுத்தலைன்னா விரலோட போகாதாம். முழங்கால் வரைக்கும் எடுத்துருவாங்களாம்.”

சிரிப்பு நின்றது.

“எர்மெக் ரஷ்யாவுலேர்ந்து வர்றப்போ நான் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு கால்ல நின்னு பிள்ளையைக் கட்டிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். அதனால சத்தியம் பண்ணு. நான் அழுதாலும் சரி, உன் கால்ல விழுந்தாலும் சரி, இந்த வாணலி என் கைக்கு வரக் கூடாது.”

ஜூராகான் உள்ளே போய் ஒரு ரொட்டியோடு வந்தாள். அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். அந்த ஊரில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

“குடுத்தா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும். போதுமா?” வாணலியை வாங்கிக்கொண்டவள் கைப்பிடியை வெளிச்சத்தில் திருப்பினாள். “இதென்னக்கா? சாம்பலா?”

கைப்பிடியில் ஒரு கட்டைவிரல் தடம். சாம்பல் நிறம். புருல்சா தலைத்துணியின் முனையால் துடைத்தாள். மாவு மாதிரி உதிரவில்லை. நறநறவென்று துணியில் ஒட்டியது. மிச்சத் தடத்தின் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். தடம் பெரிதாக இருந்தது.

“ஏதோ அழுக்கு” என்றாள்.

“அது சரி, இன்னைக்கு வியாழக்கிழமை. எல்லார் வீட்லயும் செத்தவங்களுக்கு வாசனை காட்டுவாங்க. நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

“எனக்கு யாரு இருக்கா? அம்மா அப்பாவுக்கு கிராமத்துல தம்பி பண்றான். என் புருஷனோ ஓஷ் டவுன்ல இன்னொருத்தி சமையல்ல உயிரோட இருக்கான்.”

“அப்பப் பிழைச்சீங்க. போங்க, போய் முட்டைக்கோஸை வேகவெச்சு மாடு மாதிரி மெல்லுங்க.”

கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் அதன் இடுக்கு வழியாக எண்ணெய் காயும் வாசனை வந்தது. செத்தவர்களுக்கு வாசனைதான் சாப்பாடு. யார் பெயரைச் சொல்லி மாவைப் பொரிக்கிறோமோ அவரைத்தான் அது போய்ச் சேரும். அடுத்த வீட்டுக்காரருடைய செத்தவர் பசியோடு நின்றாலும் அவருக்கு ஒரு இழைகூடக் கிடைக்காது. பொரித்த ஏழு ரொட்டியையும் ஏழு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். புருல்சா மூக்கைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே மலை நீலமாகி, பிறகு கறுத்துக்கொண்டிருந்தது. நிலக்கரிப் புகை பனியின் மேல் எழும்ப மனமில்லாமல் படுத்திருந்தது. இந்த நேரம்தான். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மேல்கோட்டுகளை வாங்கி மாட்டி, திருப்பி எடுத்துக் கொடுத்து, கடைசிக் கோட்டும் போன பிறகு காலி ஆணிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வீடு திரும்புகிற நேரம். கதவைத் திறந்ததும் நெஞ்சுக்குள் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை மூடத்தான் போர்சோக். மாவைப் பிசைந்து, தேய்த்து, குட்டித் தலையணைகளாக வெட்டி எண்ணெயில் விட்டால் ஒவ்வொன்றும் உப்பிப் புரண்டு மேலே வரும். அந்த வாசனை சுவரெல்லாம் ஏறியதும் வீட்டில் ஆள் இருப்பதுபோல் ஆகிவிடும். மேஜையில் இரண்டு தட்டு வைப்பாள். “எர்மெக், வாடா, ஆறிப்போகுது” என்று ஒரு குரல் கொடுப்பாள். சும்மா, பழக்கம். தன் தட்டைத் தின்று முடிப்பாள். அப்புறம், ஆறிப்போகிறதே என்று, இரண்டாவது தட்டையும்.

இன்று தட்டு ஒன்றுதான். வேகவைத்த முட்டைக்கோஸ், ஒரு துண்டு ஆட்டிறைச்சி. குரல் கொடுக்கவில்லை. முட்டைக்கோஸுக்கு யாரைக் கூப்பிடுவது?

முதல் வாய் வைத்தபோது அது கேட்டது.

அடுப்புப் பக்கம். மூடிய பாத்திரத்தை நாய்க்குட்டி சுற்றி வருவதுபோல, மெல்ல, இழுத்து இழுத்து, யாரோ காற்றை மோப்பம் பிடிக்கும் சத்தம்.

மெல்லுவதை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. சுவரோரம் வெந்நீர்க் குழாய் முனகியது. குழாய்தான், வேறென்ன. எழுந்து போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் வாணலி உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி, வட்டமாக, மெல்லிய சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது.

அன்று தூங்கும்வரை அவள் கைகள் மடியில் இல்லாத மாவைப் பிசைந்துகொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு வாசனை வந்தது. ஈரச் சுவர் வாசனை. புதிதாகப் பூசிய மாடிப்படியில் ஏறும்போது வருமே, அது. ஜூராகான் குப்பை கொட்ட இறங்கும்போது புருல்சா மறித்துக் கேட்டாள்.

“மேல யாராவது பூச்சு வேலை பண்றாங்களாடி? சிமெண்ட் நாத்தம் அடிக்குதே.”

“இந்தக் குளிர்லயா? துப்புனா தரைக்கு வர்றதுக்குள்ள கல்லாகுது, சிமெண்ட் எங்கேர்ந்து காயும்? உங்களுக்கு எண்ணெய் வாசனை இல்லாம மூக்குல பேய் பிடிச்சிருச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எப்படி இருக்கு? தாங்குதா?”

“செத்துருவேன்போல இருக்கு.”

“சாக மாட்டீங்க. எர்மெக் ஃபோன் பண்ணானா?”

“ஞாயித்துக்கிழமை பண்ணான்” என்றாள் புருல்சா. “லைன்தான் சரியில்ல.”

வீட்டுக்குள் வந்து மேஜை இழுப்பறையைப் பார்க்காமல் கடந்து போனாள். பழைய ஃபோன் அதற்குள் கிடந்தது. அதற்கு அவள் சார்ஜ் போடுவதில்லை.

சனிக்கிழமை காலையில் ரொட்டி தரையில் கிடந்தது.

முந்தின நாள் மூடி வைத்த கறுப்பு ரொட்டி. மேஜைக்கு அடியில், இரண்டாவது நாற்காலியின் முன்னால், துண்டு துண்டாக. முன்பும் இப்படி நடந்ததுண்டு. விடிந்து பார்த்தால் தாடையில் ஜாம் காய்ந்திருக்கும், எப்போது எழுந்து தின்றோம் என்றே தெரியாது. அப்படியானால் தோற்றுவிட்டேனா? ரெண்டே நாளில்? வெட்கத்தில் முகம் எரிந்தது. விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பீப்.

கண்ணைத் திறந்தாள். இரண்டு வருஷத்தில் இவ்வளவு குறைவாக அந்த எண் வந்ததே இல்லை.

சந்தோஷம் ஒரு கணம்தான் இருந்தது. தின்றது நான் இல்லை. அப்படியென்றால்?

மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். எல்லாம் ஈரமாக இருந்தன. ஓரங்களில் சாம்பல் நிறம். மேஜையில் வைத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாள், உடைந்த தட்டைச் சேர்ப்பதுபோல. ரொட்டி முழுசாக வந்தது. ஒரு துணுக்குக்கூடக் குறையவில்லை.

எதுவோ இதை ஒவ்வொன்றாகப் பிய்த்து வாயருகே கொண்டு போயிருக்கிறது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் சமையலறையில் சாப்பிடவில்லை. படுக்கை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வேகவைத்த கோதுமையைக் கையால் அள்ளித் தின்றாள். எண் இறங்கிக்கொண்டே வந்தது. விரல் புண் ஓரத்தில் காயத் தொடங்கியது. டாக்டரம்மா முதல் தடவையாக அவள் தோளைத் தட்டினாள். படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. எல்லாம் சரியாகிக்கொண்டிருந்தது, சமையலறையைத் தவிர.

ஒரு நாள் தயிர் கொட்டிக் கிடந்தது. ஒரு நாள், ஜூராகானிடம் கொடுக்க மறந்துபோன தேன், இரண்டாவது நாற்காலியின் முன்னால் மேஜை விளிம்பு நெடுகப் பூசிக் கிடந்தது. தேனுக்குள் மணல்போல் நறநறப்பு. கழுவும்போது ஒரு கரண்டி மட்டும் கையைக் கீறியது. எடுத்துப் பார்த்தாள். அதன் முனை மழுங்கி, பிசிறு பிசிறாகத் தேய்ந்திருந்தது. சாப்பிட்ட கரண்டி இப்படித் தேயாது. கல்லைக் கொத்திய உளி இப்படித்தான் தேயும்.

புதன்கிழமை இருட்டும் நேரத்தில் சத்தத்தையே கேட்டுவிட்டாள்.

டக். டக். டக்.

சமையலறைக்குள். பொறுமையாக. கொஞ்சம் ஓய்ந்து, மறுபடியும். நடுவில் வறண்ட தொண்டை ஒன்று விழுங்க முயன்று முடியாமல் நிற்கும் ஒலி. புருல்சா படுக்கையில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அந்தத் தட்டலைக் கேட்கும்போது அவள் மார்பு கனத்தது. பால் குடிக்கும் குழந்தை அடுத்த அறையில் அழும்போது கனக்குமே, அப்படி.

வியாழக்கிழமை வந்தது.

பள்ளிக்கூடம் விட்டு அவள் கட்டடத்துக்குள் நுழையும்போதே எண்ணெய் வாசனை முகத்தில் மோதியது. ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் மாவு பொரிந்துகொண்டிருந்தது. தாழ்ந்த குரலில் பிரார்த்தனையும், நடுநடுவே செத்துப்போனவர்களின் பெயர்களும் கேட்டன. வாயில் எச்சில் ஊறியது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, ஒரு கதவையும் தட்டாமல், மூன்றாவது மாடிக்கு ஏறினாள். ஒரு சின்ன வெற்றி. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். நடையில் பல்பு எரியவில்லை. இருட்டிலேயே முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள்.

சமையலறையில் நாற்காலி நகர்ந்தது.

அவள் அசையவில்லை.

தரையில் கனமாக எதுவோ வந்தது. நடக்கவில்லை, இழுத்துக்கொண்டு வந்தது. ஈரச் சிமெண்ட் வாசனை முன்னால் வந்தது, அது பின்னால் வந்தது. அவள் முழங்காலை உரசாத குறையாகத் தாண்டி, வாசல் கதவுக்குப் போய், குப்புறக் குனிந்தது. கதவுக்கு அடியில் விரற்கடை இடுக்கு. அதன் வழியே வெளிவிளக்கின் மஞ்சள் கீற்றும், ஊரார் எண்ணெயின் வாசனையும் உள்ளே வந்துகொண்டிருந்தன. அது இடுக்கில் மூக்கை வைத்து உறிஞ்சியது. நீளமாக. ஆசையாக. மறுபடி. மறுபடி.

ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லா வாசனைக்கும் வேறு வேறு பெயர் இருந்தது.

மஞ்சள் கீற்றில் அவள் பார்த்தாள். ஆரஞ்சு நிற வேலைச் சட்டை. முதுகில் மின்னும் பட்டை. தலையில் கம்பளிக் குல்லாய். பச்சைக் குல்லாய். கடைசி நாலு வரிசை மட்டும் பழுப்பு.

பச்சை நூல் தீர்ந்துபோனதால் அவள்தான் பழுப்பில் முடித்தாள்.

குல்லாய் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. புருல்சா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முகம் வேண்டாம். ஆண்டவனே, முகம் மட்டும் வேண்டாம்.

குளிர் அருகே வந்தது. மடியில் இருந்த அவள் கைகளின் மேல் குனிந்தது. உள்ளங்கையை மோந்தது. விரல் இடுக்குகளை மோந்தது. எத்தனை வருஷம் எண்ணெயும் மாவும் மணத்த கை. இப்போது சோப்பு வாசனை மட்டும். இன்னொரு முறை மோந்து பார்த்தது, நம்ப முடியாததுபோல. பிறகு இழுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பிப் போனது.

நாற்காலி நகர்ந்தது.

டக். டக். டக்.

அவள் எழுந்தாள். ஒரு கால் பூட்ஸோடு, ஒரு கால் கட்டோடு. கதவைத் திறந்தாள். திறந்தபடியே விட்டாள். நாலு எட்டு. எதிர்க்கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

ஜூராகான் மாவுக் கையோடு வந்தாள். பின்னால் எண்ணெய் இரைந்துகொண்டிருந்தது.

“வாணலியைக் குடு.”

“வந்துட்டீங்களா! நானும் இந்த வியாழக்கிழமை தாண்டுமான்னு பார்த்துட்டேதான் இருந்தேன். ரொட்டி மேல கை வெச்சிருக்கேன்க்கா. போங்க, போய்ப் பல்லை விளக்கிட்டுப் படுங்க.”

“குடுடி.”

“கால்ல விழுந்தாலும் தரக் கூடாதுன்னு யாரு சொன்னது? டாக்டரம்மா தட்டிக்குடுத்ததை மூணு தடவை எங்கிட்ட சொன்னீங்களே. நாய் வாலைச் சுருட்டின மாதிரி மறுபடியும்...”

“எனக்கில்ல.” புருல்சாவின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “நான் ஒண்ணுகூடத் தொட மாட்டேன். நீயே பொரி. ஏழு ரொட்டியையும் ஏழு வீட்டுக்கு நீயே குடுத்துரு. வாசனை போதும். வாசனை மட்டும்தான் வேணும். இத்தனை நாள் அவன் பங்கையும் நானே தின்னுட்டிருந்தேன்.”

ஜூராகானின் முகத்தில் கேலி மெல்லக் கழன்றது. “வாசனையா? உங்களுக்குத்தான் யாரும் இல்லையே. யார் பேருக்கு?”

முதுகுக்குப் பின்னால், திறந்த கதவுக்கு அப்பால், தட்டல் நின்றுவிட்டது.

“யார் பேருக்குக்கா?”

நாற்காலி நகர்ந்தது.

“எர்மெக் பேருக்கு.”

“என்ன பேசறீங்க? ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணான்னு...”

“அந்த ஃபோன் இழுப்பறையில கிடக்குடி. கடைசியா அதுல பேசினது அவன்கூட வேலை பார்த்த பையன். போன குளிருக்கு முந்தின குளிர்ல.” அழுகை வரவில்லை. அத்தனை நாள் அடைத்து வைத்தது சும்மா சொற்களாக வந்தது. “அடித்தூணுக்குக் கான்கிரீட் ஊத்துறப்போ சாரம் முறிஞ்சு உள்ள விழுந்துட்டானாம். இருட்டு. யாரும் பார்க்கலையாம். மேல மேல ஊத்திக்கிட்டே இருந்திருக்காங்க. காலையில ஆளைத் தேடுறப்போ இறுகிப்போச்சாம். உடைச்சா கட்டடம் நிக்காதுன்னு அப்படியே விட்டுட்டாங்களாம். நான் யார்கிட்டயும் சொல்லல. துக்கம் வைக்கல. ஒரு ரொட்டி குடுக்கல. நான் சொல்லாத வரைக்கும் அவன் வந்துக்கிட்டிருப்பான்னு நெனச்சேன்.”

ஜூராகான் புருல்சாவைப் பார்க்கவில்லை. புருல்சாவின் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவுக் கை வாயை நோக்கி எழுந்து பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ரொட்டி கருகியது.

ஈரச் சிமெண்ட் வாசனை.

புருல்சா திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஜூராகான் வீட்டு நடையில் அலமாரிக் கண்ணாடி நேர் எதிரே இருந்தது.

அவள் வீட்டு வாசலில் அவன் நின்றிருந்தான். பச்சைக் குல்லாய். கையில் தேய்ந்த கரண்டி. கண்ணிமை, காது, கன்னம், எல்லாம் சாம்பல். வாய் மட்டும் அகலத் திறந்திருந்தது. கடைசியாக அம்மா என்று கூப்பிடத் திறந்த வாய்.

அது உதடு வரை நிரம்பி, சமமாக, கல்லாகியிருந்தது.